கிடங்குகளில் சுமை தூக்கும் வண்டிகள்: மலைக்கிராமங்களுக்கு ஏற்றவை எவை?

பழனி மலைகளில் பயிர் செய்வோருக்கு விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைப் பழுதின்றி மலையிறக்குவது மறுபாதி. கொடைக்கானல் தாலூகாவிலுள்ள பேத்துப்பாறையிலும் அதைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும் விளையும் காய், கனி, பூண்டு, காப்பி முதலியவை, தோட்டத்திலிருந்து பாதை வரையில் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ வந்து, பின்னர் வண்டியேறிச் சந்தைக்குச் செல்லுகின்றன. காய்கறிகளுக்கு ஒட்டன்சத்திரமும், பூண்டுக்குப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியும் முக்கியமான சந்தைகளாம். இவ்வழியில் ஒரே மூட்டை தோட்டத்தில் ஒரு முறை, பாதையோரத்தில் ஒரு முறை, வண்டியில் ஏற்றும்போது ஒரு முறை, சந்தையில் இறக்கும்போது ஒரு முறை, அட்டி போடும்போது ஒரு முறை, வெளியூர் லாரியில் ஏற்றும்போது ஒரு முறை என ஆறு தடவை தூக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதனுடைய கழுத்தும் முதுகும் வருந்துகின்றன. மூட்டை எறியப்படுந்தோறும் உள்ளிருக்கும் பண்டமும் அடிபடுகின்றது. அடிபட்ட பூண்டிலும் கீறல் விழுந்த கேரட்டிலும் அழுகல் முதலிற் புகும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்கு மதிப்பு ஏற்பட்டபின், பண்டமும் அம்மதிப்புக்குத் தக்க நிலையில் வாங்குவோர் கையை அடைதல் வேண்டுமன்றோ?

சமவெளியிலுள்ள பெரிய கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் இவ்வேலையைப் போர்க்லிப்ட் எனப்படும் சுமைதூக்கி வண்டிகள் செய்துவருகின்றன. கிராமக் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ கிடங்கு கட்ட முற்படும்பொழுது, இவ்வண்டி ஒன்றையும் வாங்கலாமா என்னும் யோசனை எழுவது இயல்பே. ஆயின் போர்க்லிப்ட் என்பது ஒரே விதமான யந்திரமன்று. அதில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய தரை வேறு, உரிய நடைவழி வேறு, உரிய வேலையும் வேறு. இடத்துக்கு ஒவ்வாததை வாங்கினால், வண்டி கிடங்கின் மூலையில் துருப்பிடித்து நிற்க, கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால் இவற்றின் வகைகளையும், மலைக்கிராமக் கிடங்குக்கு ஏற்றது யாதென்பதையும் இங்கு விளக்குவோம்.

மனிதன் தூக்கத்தக்க பாரம்

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, ஊறு விளைக்கத்தக்க அளவு கனமான பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ செய்யலாகாது என்று விதித்தது. 1967-இல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வயதுவந்த ஓர் ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படுமாயின், அதனை விரைவில் அவ்வளவிற்குக் குறைக்க வழிசெய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோச் சிப்பம் வழக்கத்தில் உள்ளது. யூரியா மூட்டையும் 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. இவ்வாறிருக்க, மலைக் காய்கறிகளை மட்டும் கோணி கொள்ளுமளவும் திணித்துத் தைத்து அனுப்புவது தொழிலாளிக்கும் தீங்கு, பண்டத்துக்கும் தீங்கு. யந்திரம் வாங்குவதற்கு முன்பே செலவின்றிச் செய்யத்தக்க முதற் சீர்திருத்தம், மூட்டையின் எடையைக் குறைப்பதேயாம்.

பேலட் என்னும் பலகைத் தட்டு

போர்க்லிப்ட் வண்டி தனி மூட்டையைத் தூக்குவதற்கு ஏற்பட்டதன்று. மூட்டைகளையோ பெட்டிகளையோ ஒரு பலகைத் தட்டின்மேல் அடுக்கிவைத்தால், அத்தட்டோடு சேர்த்து அனைத்தையும் ஒரே தடவையில் தூக்கும். அத்தட்டுக்குப் பேலட் என்று பெயர். மேலே பலகையும், அடியில் கவை நுழைவதற்கு இடைவெளியும் உடையது. 1,200 மில்லிமீட்டர் நீளமும் 1,000 மில்லிமீட்டர் அகலமும் பெரிதும் வழங்கும் அளவாகும். மரத்தாலோ பிளாஸ்டிக்கினாலோ செய்வார்கள். தரையின் ஈரம் மூட்டையில் ஏறாமல் தடுப்பதும் இதனால் வரும் நன்மை. மூடுபனியும் இரு பருவ மழையும் உள்ள மலைப்பிரதேசத்தில், வண்டி இல்லாவிடினும் பேலட் மட்டும் இருந்தாலே பூண்டுக்கும் காப்பிக்கும் பெரும் பாதுகாப்பாகும்.

600 மில்லிமீட்டர் நீளமும் 400 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில், மேற்கூறிய பேலட் ஒன்றின்மேல் ஓர் அடுக்குக்கு 5 பெட்டிகள் இடைவெளியின்றிப் பொருந்தும். ஆறு அடுக்கு வைத்தால் 30 பெட்டிகள். பெட்டிக்கு 20 கிலோ காய் என்றால் காய் 600 கிலோ. பெட்டிகளின் எடை ஏறக்குறைய 60 கிலோ, பேலட்டின் எடை 25 கிலோ. ஆக மொத்தம் 685 கிலோ. முப்பது முறை குனிந்து நிமிர வேண்டிய வேலை ஒரே தூக்கில் முடிந்துவிடுகின்றது. கோணி மூட்டையாயின் 50 கிலோ வீதம் அடுக்குக்கு 5 மூட்டைகளாக 4 அடுக்கு வைத்தால் சரியாக 1 டன் ஆகும். மேலடுக்கு கீழடுக்கின் இணைப்பை மூடும்படி, சுவரில் செங்கல் வைப்பதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது.

வண்டியின் தத்துவம்

1917-இல், முதல் உலகப் போரின் காலத்தில், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் புக்கானன் நகரிலிருந்த கிளார்க் கம்பெனியார் தம் தொழிற்சாலைக்குள் பொருள்களை எடுத்துச்செல்ல ஒரு சிறு மோட்டார் வண்டியைச் செய்தனர். 1923-இல் யேல் கம்பெனியார் கவையும் உயர்ந்த கம்பமும் கொண்ட மின்சார வண்டியை வெளியிட்டனர். இரண்டாம் உலகப் போரில் படைச் சாமான்களைக் கையாளுவதற்குப் பேலட்டும் இவ்வண்டியும் சேர்ந்து பெருவழக்காயின. இப்பொழுது இந்தியாவிலேயே கோத்ரெஜ் முதலிய கம்பெனிகள் இவற்றைச் செய்கின்றன.

இதன் தத்துவம் நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு முனையில் சால், மறுமுனையில் எதிர்பாரம், நடுவில் தாங்கும் தூண். போர்க்லிப்டில் முன்சக்கரங்களே அத்தூண்; முன்னால் நீண்ட இரு இரும்புக் கவைகளின்மேல் இருக்கும் சுமையே சால்; பின்புறம் வார்த்துவைத்த இரும்புக் கட்டியே எதிர்பாரம். சுமையின் பலம் மிகுந்தால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். வண்டி முன்பக்கம் கவிழும்.

சுமையின் எடை மட்டுமன்றி, அதன் தூரமும் இங்கே கணக்காம். 1,500 கிலோ தூக்கும் வண்டி என்றால், சுமையின் நடுவிடம் கவையின் அடியிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருக்கும்போதுதான் அவ்வளவு தூக்கும் என்பது பொருள். முன்சக்கர அச்சிலிருந்து கவையின் அடி 40 சென்டிமீட்டர் தள்ளியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட சுமையொன்றின் நடுவிடம் 75 சென்டிமீட்டருக்குச் சென்றால், அதே வண்டி ஏறக்குறைய 1,170 கிலோவே தூக்கவல்லது. கம்பத்தை மிக உயரத் தூக்கும்போதும் இவ்வலிமை குறையும். ஒவ்வொரு வண்டியிலும் இவ்விவரம் பொறித்த தகடு ஒன்று இருக்கும். தகடில்லாத பழைய வண்டியை வாங்காதிருப்பதே நலம்.

வகைகள்

1. கைப் பேலட் டிரக்: இது மிக எளியது. இரு கவைகளும், ஜாக்கி போன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு பம்பும், இழுக்கும் பிடியும் உடையது. பிடியை மேலும் கீழும் அசைத்தால் பேலட் தரையினின்று சில அங்குலம் எழும்பும். பின்னர் ஒருவர் இழுத்துச் செல்லலாம். 2 முதல் 2½ டன் வரையில் தாங்கும்படி செய்யப்படுகின்றது. எனினும் கிராமக் கிடங்கில் 1 டன்னுக்கு மேற்படாமல் வைத்தல் நன்று. இது சுமையை நகர்த்துமேயன்றி உயர்த்தி அடுக்காது. இதன் சிறு சக்கரங்களுக்கு வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டும். சரிவில் இதனைக் கொண்டுசெல்லுதல் ஆகாது.

2. ஸ்டாக்கர்: கைப் பேலட் டிரக்கோடு ஒரு கம்பம் சேர்ந்தது இது. கையினால் பம்பு செய்வது ஒரு வகை; அது 1 டன் வரையிலான பாரத்தை ஏறக்குறைய 1.6 மீட்டர் உயர்த்தும். பாட்டரியினால் இயங்குவது மற்றொரு வகை. அது 3 மீட்டருக்கு மேலும் உயர்த்தும். ஓட்டுபவர் பெரும்பாலும் பின்னே நடந்துவருவார். எதிர்பாரத்துக்குப் பதிலாகக் கவைகளின் கீழ் இரு கால்கள் நீண்டிருப்பதால் வண்டி சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் அமையும். ஆனால் அடியில் குறுக்குப் பலகை அடித்த பேலட்டுகள் அக்கால்களுக்குத் தடையாகும். எனவே தம்மிடமுள்ள பேலட்டை வைத்துத் தூக்கிப் பார்த்த பின்னரே ஸ்டாக்கரை வாங்க வேண்டும்.

3. எதிர்பார வண்டி: பொதுவாய்ப் போர்க்லிப்ட் என்றவுடன் மக்கள் நினைப்பது இதனையே. ஓட்டுபவர் உட்கார்ந்து செலுத்துவார். 1½ முதல் 3 டன் வரையில் தூக்குவன கிடங்குகளில் மிகுதியாக வழங்குகின்றன. டீசல், எரிவாயு, பாட்டரி ஆகிய மூன்றினாலும் ஓடுவன உண்டு. திரும்புவதற்கு ஏறக்குறைய 3½ முதல் 4 மீட்டர் அகல நடைவழி வேண்டும். மூன்று சக்கர மின்சார வண்டிக்கு இதனிற் சற்றுக் குறைந்த அகலம் போதும்.

4. ரீச் டிரக்: உயர்ந்த இரும்புத் தட்டுகள் நிறைந்த பெரிய குளிர்பதனக் கிடங்குகளுக்கு உரியது. கவையை முன்னே நீட்டிச் சுமையை எடுத்து, பின் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். ஆகையால் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நடைவழியிலும் இயங்கும். 8 மீட்டருக்கு மேலும் உயர்த்தும். சமதளமான உறுதிவாய்ந்த தரையன்றி இதற்கு ஆகாது.

5. குறுவழி வண்டிகள்: நடைவழியை 2 மீட்டருக்கும் குறைவாகச் சுருக்கி, இடத்தை மிச்சப்படுத்த விரும்பும் நகரக் கிடங்குகளுக்காக ஏற்பட்டவை. ஓட்டுபவரே கவையோடு மேலேறித் தட்டிலிருந்து சில்லறையாகப் பொருளை எடுக்கும் வகையும் உண்டு.

6. பக்கத்தூக்கி: மரம், குழாய் போன்ற நீண்ட பொருள்களைப் பக்கவாட்டில் எடுத்துத் தன்மேல் வைத்துச் செல்லுவது.

7. கரடுமுரடான தரைக்குரிய வண்டி: பெரிய காற்று டயர்களோடு சேற்றிலும் கல்லிலும் செல்லும். டிராக்டரின் பின்புறத்தில் மாட்டும் கவையும் இவ்வேலைக்கு உதவும். டிராக்டர் உள்ள சங்கத்துக்கு அது சிக்கனமானது. எனினும் படிமுறை நிலங்களும் குறுகிய பாதைகளும் உள்ள மலையில் இவை புகுமிடம் சிலவே.

எரிபொருளும் விளைபொருளும்

விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க விஷயம் இது. டீசலாலோ எரிவாயுவாலோ ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இருக்கின்றது. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, மூடிய அறையில் சேருமாயின் உயிருக்கே ஆபத்தாகும். அப்புகையில் எதிலீன் என்னும் வேறொரு வாயுவும் உண்டு. பழங்களைப் பழுக்கவைப்பது இவ்வெதிலீனே. காய்கறி வைத்துள்ள அறையில் அது பரவினால், கேரட்டில் கசப்பு ஏறும். முட்டைக்கோஸின் இலை மஞ்சளாகி உதிரும். வாழை, அவகேடோ, பிளம்ஸ், பேரி ஆகியவை வேண்டாத காலத்தில் பழுத்து இளகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நேரும் இந்நஷ்டத்துக்கு விவசாயி பருவத்தையும் விதையையும் பழிப்பார். காரணமோ கிடங்குக்குள் ஓடிய வண்டியாய் இருக்கும். ஆகவே காய்கனிக் கிடங்குக்குள் பாட்டரி வண்டியோ கைவண்டியோதான் செல்லுதல் வேண்டும். டீசல் வண்டி வெளி முற்றத்தோடு நிற்க வேண்டியது.

உயரமும் இதில் சம்பந்தப்படும். காற்று மெலிந்த உயரத்தில், டர்போ இல்லாத டீசல் இன்ஜினின் சக்தி ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பாகம் வீதம் குறையும். கொடைக்கானல் நகரம் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே அத்தகைய இன்ஜின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பாகத்தை இழக்கும். மின்சார மோட்டாருக்கு இக்குறை இல்லை. ஆனால் குளிரில் பாட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். ஈய பாட்டரிக்கு மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அதனைக் காற்றோட்டமுள்ள ஈரமற்ற இடத்தில், நெருப்பை அணுகவிடாமல் செய்ய வேண்டும். அதில் குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றத்தக்கது.

மலைச்சரிவைத் தூக்கியாகப் பயன்படுத்துதல்

கைப் பேலட் டிரக்கினால் லாரியில் ஏற்ற முடியாதென்று கூறினோம். சமவெளியில் அது குறைதான். மலையிலோ, இயற்கையே அக்குறையைத் தீர்த்துவைத்திருக்கின்றது. கிடங்கைச் சரிவின் மேற்பக்கத்திலும், லாரி நிற்கும் பாதையை அதன் கீழ்ப்பக்கத்திலும் அமைத்து, கிடங்கின் தரையும் லாரியின் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஒரு மேடை கட்டினால், சுமையைத் தூக்கவே வேண்டியதில்லை, தள்ளினாற் போதும். பெரிய லாரியின் பலகை தரையினின்று 1 மீட்டருக்கு மேலும், சிறு சுமைவண்டியின் பலகை அதனிற் குறைந்தும் இருக்கும். ஆதலால் மேடையை இரு மட்டங்களில் கட்டுவதோ, இடையில் சாய்க்கும் இரும்புத் தகடு வைப்பதோ நன்று. லாரி நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே தகட்டின்மேல் வண்டியைச் செலுத்த வேண்டும்.

தரைக்குச் செய்யும் செலவே வண்டிக்குச் செய்யும் செலவைப் பயனுறச் செய்வது. பள்ளம், வெடிப்பு, வாசற்படி ஆகியவை இன்றி, மழைநீர் உட்புகாதபடி சிமெண்டுத் தரை அமைதல் வேண்டும். மழைக்காலத்தில் ஏற்றும் மேடைக்கு மேற்கூரையும் அவசியம்.

ஒரு கணக்கு

நாளொன்றுக்கு 5 டன் காய்கறி வந்து செல்லும் சேகரிப்பு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 கிலோப் பெட்டியாக 250 பெட்டிகள். இறக்குவதும் ஏற்றுவதுமாக 500 தூக்குகள். பேலட்டில் வைத்தால் 9 பேலட்டுகளில் அடங்கும். போக வர 18 நடைகள். ஒரு நடைக்கு 10 நிமிஷம் என்று தாராளமாக வைத்தாலும் 3 மணி நேரத்தில் ஒரு கைவண்டியும் இரண்டு ஆட்களும் வேலையை முடித்துவிடலாம். இவ்விடத்தில் டீசல் போர்க்லிப்ட் வாங்கினால், அது ஒரு மணி நேரம் ஓடி, எஞ்சிய பொழுதெல்லாம் வாளாநிற்கும். கைவண்டியின் விலை ஆயிரங்களில் முடியும். பாட்டரி ஸ்டாக்கர் லட்சங்களில் செல்லும். டீசல் போர்க்லிப்டோ அதனினும் பன்மடங்கு. ஓட்டுபவர் சம்பளமும், மலைக்கு ஆள் வந்து பழுதுபார்க்கும் செலவும் வேறு. ஆகவே முதலில் பேலட்டுகளும் கைவண்டியும். அட்டியை இரண்டு பேலட் உயரத்துக்கு உயர்த்த வேண்டிய அளவு சரக்கு பெருகியபின் ஸ்டாக்கர். பல கிராமங்களுக்குப் பொதுவான பெருங்கிடங்கு ஏற்பட்டால் மட்டுமே மின்சார எதிர்பார வண்டி என்பதே தகுந்த வரிசை.

1 லட்சம் கோடி ரூபாயில் 2020-இல் ஏற்படுத்தப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தில், கிடங்கு, தரம்பிரிக்கும் நிலையம், குளிர்பதன அறை முதலியவற்றுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம், 7 ஆண்டுகள் வரை வட்டிச் சலுகை வகுக்கப்பட்டது. எத்திட்டத்தின் கீழ் கடன் பெறினும், அதன் நடப்பு விதிகளை வங்கியில் விசாரித்து, தரைக்கும் மேடைக்கும் ஆகும் செலவை மதிப்பீட்டில் முதலிலேயே சேர்த்துவிடுதல் விவேகமாகும்.

எச்சரிக்கைகள்

சுமைதூக்கி வண்டியால் நேரும் விபத்துக்களில் மிகக் கொடியது வண்டி கவிழ்வது. பின்வரும் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கிடங்கின் வாயிலில் தொங்கவிடுக:

வண்டி ஓடும்போது கவை தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரலாகாது. உயர்த்திய சுமையோடு திரும்பலாகாது.

சரிவில் எதிர்பார வண்டி செல்லும்போது, ஏறினாலும் இறங்கினாலும் சுமை மேட்டுப்பக்கமே இருத்தல் வேண்டும். சரிவின் குறுக்கே திருப்பலாகாது.

உயர்த்திய கவையின் கீழ் எவரும் நிற்கலாகாது. கவையின்மேல் ஆளை ஏற்றி உயர்த்துதல் கூடவே கூடாது.

வண்டி கவிழ நேர்ந்தால் ஓட்டுபவர் வெளியே குதித்தல் ஆகாது. இருக்கை வாரோடு உள்ளேயே பற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். குதிப்பவர்மேலேயே வண்டி விழும்.

பயிற்சி பெறாதவரையும், 18 வயது நிரம்பாதவரையும் வண்டியைத் தொடவிடலாகாது. வேலை முடிந்தபின் கவையைத் தரையில் இறக்கிச் சாவியை எடுத்துவிட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிடங்கு கட்ட இடம் தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், சங்க நிர்வாகிகளும் இடத்தைப் பார்வையிடும்பொழுதே லாரி எங்கே நிற்கும், மேடை எந்த மட்டத்தில் அமையும், மழைநீர் எங்கே வடியும் என்னும் மூன்றையும் தீர்மானித்துக்கொள்வது நலம். சுவர் எழும்பியபின் இவற்றை மாற்றுதல் அரிது. சுமைதூக்கும் தொழிலாளிகளையும் இவ்யோசனையில் கலந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில் முதுகு நோகிறது, எந்த இடத்தில் மூட்டை நழுவுகிறது என்பதை அவர்களே நன்கு அறிவர். வண்டி வந்தால் வேலை போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சுவதும் உண்டு. பெட்டியில் நிரப்புதல், தரம்பிரித்தல், வண்டி செலுத்துதல் ஆகிய வேலைகளுக்கு அவர்களையே பழக்கினால் அவ்வச்சம் நீங்கும். கைதேர்ந்த ஆட்களும் ஊரிலேயே தங்குவார்கள்.

சுருங்கக் கூறின், முதலில் சிப்பத்தை இலேசாக்குக. அடுத்துப் பேலட்டும் தரையும் மேடையும் அமைத்திடுக. அதன்பின் அவற்றுக்குப் பொருந்தும் வண்டியைத் தேர்ந்தெடுக்குக. இவ்வரிசை தவறாதிருந்தால், சிறு கைவண்டி ஒன்றே மலைக்கிராமத்தின் பெருஞ்சுமையைக் குறைக்கப் போதுமானதாகும்.